ஏறிய பிறகு காட்டும் கொடி

புதிதாக வந்திருக்கும் கார்டு தம்பிகளுக்கு,

உங்களுக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு இல்லை. உங்களில் சிலருக்கும் எனக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம். தலை நரைத்த கார்டுகள் இந்த யார்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னை எழுதச் சொன்னதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். மற்றவர்கள் ஒருமுறைதான் ஓய்வு பெறுவார்கள். நான் ஏற்கெனவே ஒருமுறை ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவன்.

கொடியை எப்படிப் பிடிப்பது, பிரேக் சக்கரத்தை எப்போது சுற்றுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்துதான் அனுப்பியிருப்பார்கள். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. யாரும் சொல்லித் தராமலே இங்கே வந்த முதல் வாரத்தில் பார்த்துப் பழகிவிடுகிற ஒரு வழக்கம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்தை விட்டுச் சரக்கு வண்டி கிளம்பும் இடத்தில் நம் பாதை வளைகிறது. எஞ்சின் முன்னால், கார்டு வண்டி கடைசியில். ஆபீசும், டிரைவர் நிற்கும் பக்கமும் வளைவின் வெளிப்புறத்தில் இருக்கின்றன. கார்டு தன் வண்டியில் ஏறி நின்று பச்சைக் கொடியைக் காட்டினால், நடுவில் உள்ள சரக்குப் பெட்டிகளான வாகன்கள் மறைத்துக்கொள்ளும், டிரைவருக்குத் தெரியாது. அதனால் கார்டு கீழேயே நிற்பார். தன் வண்டிக்குக் கொஞ்சம் முன்னால், தண்டவாளத்தை விட்டு நன்றாகத் தள்ளி நின்று கொடியைத் தூக்குவார். டிரைவர் விசில் கொடுத்து வண்டியை எடுப்பார். வாகன்கள் ஒவ்வொன்றாகக் கடந்துபோகும். கடைசியில் தன் வண்டி வரும்போது கார்டு கைப்பிடியைப் பற்றி, கூடவே நாலு எட்டு ஓடி, படியில் கால் வைத்து ஏறிக்கொள்வார்.

இதுதான் வழக்கம். இதை யாரும் தவறு என்று நினைப்பதில்லை. ஓடும் வண்டியில் ஏறத் தெரியாதவனை இங்கே கார்டு என்றே மதிப்பதில்லை. அதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி உண்டு. என் நண்பன் சுந்தரம் சுருட்டிய கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால், வெற்றிலை மென்றபடியே ஏறுவான். பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிமிடம் நிற்பார்கள். நானும் அவனைப் பார்த்துத்தான் கக்கத்தில் இடுக்கக் கற்றுக்கொண்டேன்.

மழைக்காலத்தில் ஒரு காலை. படி நனைந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன், ஓடினேன், கால் வைத்தேன், வழுக்கியது. கை மட்டும் விடவில்லை. விட்டால் சக்கரம் என்று பயந்து பிடித்துக்கொண்டே இழுபட்டேன். தண்டவாளத்தின் ஓரத்தில் பாதை மாற்றுகிற இரும்பு நெம்புகோல் ஒன்று நிற்கிறது அல்லவா, இடது கால் அதில் போய் அடித்தது. சத்தம் எனக்கே கேட்டது. அப்போதுதான் கையை விட்டேன்.

வண்டி நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் ஏதாவது நேர்ந்தால் டிரைவருக்குச் சிவப்புக் கொடி காட்ட வேண்டியவன் கார்டு. அந்தக் கார்டே சகதியில் கிடந்தால் எவன் காட்டுவது? டிரைவர் ஆரோக்கியம் நல்ல மனிதர், கவனமான மனிதர். அவர் பார்த்த கடைசிச் செய்தி என் பச்சைக் கொடி. எல்லாம் சரியாக இருக்கிறது, போகலாம் என்று நான்தானே அவருக்குச் சொல்லியிருந்தேன். கார்டு இல்லாத அந்த வண்டி திருவொற்றியூர் வரைக்கும் போனது. கடைசிப் பெட்டியில் கொடி காட்ட ஆள் இல்லை என்பதை அங்கே இருந்த சிக்னல் கேபின்காரர் பார்த்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருந்தன. கணுக்கால் திரும்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் இடுப்புவரை மாவுக்கட்டு போட்டார்கள். காலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர்கள் என் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டார்கள். இங்கிலீஷில் பேசினால் எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்கள். எங்கள் குப்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்குப் படித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அம்மா காலையில் மீன் விற்று முடித்துவிட்டு, காலடிப்பேட்டையிலிருந்து கூடையோடு நேரே வருவாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். "எம்புள்ள கொடிய ஆட்னாத்தான் ரயிலே போவும்" என்று நர்சிடம் சொன்னாள். எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து ஊர் முழுக்க இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நர்சு என் காலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கால் தப்பியது. ஆனால் கட்டுப் பிரித்தபோது அது என் கால் மாதிரி இல்லை. தொடை கை கனத்துக்கு இளைத்திருந்தது. கணுக்கால் மடங்க மறுத்தது. இரண்டு கட்டைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குப்பத்துக்குத் திரும்பினேன். மணலில் கட்டை புதைந்தது. வீட்டு வாசல்வரை அப்பா தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் கடலிலிருந்து வந்தவர், கிழிந்த வலை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"இன்னா நைனா இது?"

"வலை. தெரியல?"

"தெரியுது. எனக்கு எதுக்கு?"

"கால நீட்டிகினு குந்திகினே செய்யலாம்டா. கை சும்மாதான கீது." அப்புறம், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "கடல்ல நிக்கணும்னா ரெண்டு காலு வோணும். வலைக்குக் கை போதும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். எனக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்ட நிம்மதியில் சொன்னார்.

எங்கள் குப்பத்தில் அந்த இடம் ஓர் ஓலைக் கொட்டாய். கடலுக்குப் போக முடியாதவர்கள் அங்கே உட்கார்ந்து வலை பின்னுவார்கள். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, அங்கேதான் பல வருஷமாக இருந்தார். அலையில் படகு திரும்பி அடித்து அவருக்கு இடுப்பு போய்விட்டது. நான் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வருவதைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார்.

"வாடா கார்டு. குந்து. இதான் கடேசி ஸ்டேசன். வண்டி அப்பால போவாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே உட்காருவது கஷ்டமாக இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிழல் இருந்தது. பேச்சு இருந்தது. யாரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் தூரத்தில் சரக்கு வண்டி விசில் கேட்கும்போது மட்டும் கை நின்றுவிடும். அதைச் சித்தப்பா பார்த்துவிடுவார். "பின்னு, பின்னு. அது உன்ன இல்ல கூப்புட்றது" என்பார்.

ஒரு கட்டையை விட்டேன். பிறகு மற்றதையும் விட்டேன். நடக்க வந்தது, நொண்டி நடந்தேன். ஆனால் கார்டுக்கு நடந்தால் போதாது, ஏற வேண்டும். கரையில் ஏற்றி வைத்திருந்த பெரிய படகு ஒன்றின் விளிம்பு, கார்டு வண்டிப் படியின் உயரம் இருந்தது. தினமும் விடிந்ததும் அதில் ஏறி இறங்கினேன். வலது காலை வைத்தால் இடது கால் தரையில் தாங்கவில்லை. இடது காலை வைத்தால் உடம்பைத் தூக்கவில்லை. பல நாள் மணலில் விழுந்து எழுந்தேன். கூடைக்காரப் பெண்கள் அந்த வழியாகத்தான் போவார்கள்.

"கார்டு, எண்ணூருக்கு ஒரு டிக்கெட்டு குடு."

"அது டிக்கெட்டு குடுக்கறவரு இல்லடி. கொடி ஆட்றவரு. முந்தானையத் தரட்டா கார்டு?"

அம்மா அவர்களை வைதாள். அவள் வைதது எனக்கு அவர்கள் சிரித்ததைவிட வலித்தது.

ஒரு நாள் நான் மூன்றாம் முறையோ நாலாம் முறையோ ஏறி, படகுக்குள் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து வெளியே சாய்ந்து நின்றார்.

"நிக்கிற படகுல எவன் வோணா ஏறுவான்டா."

"தெரியும்."

"உன் ரயிலு நிக்குமா?"

எங்கள் ஊரில் கட்டுமரத்தை அலைக்குள் தள்ளிக்கொண்டே ஓடி, அது மிதந்து எழும்பும் நேரத்தில்தான் ஏறுவார்கள். அதனால் ஓடும் ஒன்றில் ஏறுவதென்றால் என்ன என்று அவருக்கு விளக்கத் தேவையில்லை. கடலைப் பார்த்தபடி அவர் சித்தப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"அவனுக்கு இடுப்பு போன அப்பால நாங்க வுட்டுடலடா. 'உன்ன மொதல்ல மரத்துல குந்த வெச்சிட்டு நாங்க தள்றோம். நடுக்கடல்ல உன் கை போதும் எங்களுக்கு'ன்னு சொன்னோம். ஒரு நாளு வந்தான். குந்த வெச்சித் தள்னோம். கரையில நின்னுகினு இருந்த ஒருத்தன், 'இன்னாடா, சாமி ஊர்வலமா'ன்னு கேட்டுட்டான். அம்மாந்தான். அப்பால வரல. கொட்டாய்க்குப் பூட்டான்."

"நீ கூப்புடலயா?"

"கூப்ட்டேன். இடுப்பு போனதுக்கு அவன் அழுவல. நாலு பேரு அவனுக்காவ நின்னுகினு கீறாங்களே, அத்தத் தாங்க முடியல." அப்பா கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார். "நீயும் மானஸ்தன்தான். அதான் வலைய குடுத்தேன்."

எனக்கு வழி காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நான் திரும்பிப் போக மாட்டேன் என்பதற்குக் காரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று முழுக்க வலைக் கண்ணில் என் கை ஓடவில்லை. சித்தப்பாவைக் கரையில் உட்கார்த்தி வைத்தது இடுப்பு இல்லை, ஒருவன் கேட்ட ஒரு கேள்வி என்பது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ரயில்வே டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், குந்தி எழச் சொன்னார், முக்காலியில் ஏறி இறங்கச் சொன்னார். "நடக்கலாம், ஏறலாம். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது" என்றார். ஓடாத, குதிக்காத கார்டை என்ன செய்வது என்று யார்டில் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அப்போதைக்கு விளக்கு அறைக்கு அனுப்பினார்கள்.

நீங்கள் தினமும் ஜன்னலில் கை நீட்டி விளக்கு வாங்குகிறீர்களே, அந்த அறைதான். உள்ளே வந்து பார்த்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய் வாடை, கரி, ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்ந்து திரி கத்தரிப்பவர்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் குப்பத்து ஓலைக் கொட்டாய் ஞாபகம் வந்தது. ஒருவருக்கு விரல்கள் இல்லை. ஒருவருக்கு ஒரு கண் இல்லை. பெஞ்சின் ஓரத்தில் கன்னியப்பன். வாகன்களைச் சங்கிலி மாட்டிக் கோக்கிற வேலையில் இருந்தவன். இரண்டு வாகன் மோதும் இடத்தில் அவன் வலது கை சிக்கி, முழங்கையோடு போய்விட்டது. வியாசர்பாடிக்காரன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன்.

"வா மாமு. உன்னத்தான் பாத்துகினு இருந்தோம்" என்று நகர்ந்து உட்கார்ந்தான். சித்தப்பா நகர்ந்த அதே மாதிரி. "இங்க ஒரு சவுரியம் கீது. எவனும் உன்ன ஓடுன்னு சொல்ல மாட்டான்."

பல மாதம் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விளக்கை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி இடது கையால் கண்ணாடி துடைப்பான். என் இடத்தில் அப்போது வண்டி பார்த்துக்கொண்டிருந்தவன் சுந்தரம். தினமும் ஜன்னலில் வந்து நிற்பான். பீடி ஒன்று உள்ளே நீட்டுவான். "இன்னா தோஸ்து, உன் வண்டிய பத்திரமா வெச்சிருக்கேன். எப்ப வர்ற?" என்பான். அதில் கேலி இல்லை. அவன் வளைவில் கொடி தூக்குவதை அறைக்குள்ளிருந்தே பார்க்க முடியும். வெற்றிலை, ஒற்றைக் கை, ஒரு தாவல். ஒவ்வொரு முறையும் என் இடது கால் தானாக இழுத்துக்கொள்ளும்.

நான் மனுப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆள் பற்றாக்குறை வந்தபோது ஒரு நாள் கூப்பிட்டார்கள். சுந்தரத்தை வேறு வண்டிக்கு மாற்றி என்னைப் பழைய வண்டிக்கே போட்டார்கள். சீருடையை எடுத்து மாட்டினேன். இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. கன்னியப்பன் ஜன்னல் வழியாக விளக்கைக் கொடுத்தான்.

"உன் எடம் அங்கயே கீது மாமு. எவனையும் குந்த வுட மாட்டேன். போய்ட்டு வா."

அன்பாகத்தான் சொன்னான். எனக்குக் குளிர் அடித்தது.

அன்று நடந்ததைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கொடியை எடுத்துக்கொண்டு முதலில் என் வண்டியில் ஏறினேன். படியில் நின்று, முடிந்த வரைக்கும் வெளியே சாய்ந்து பச்சையைக் காட்டினேன். ஆரோக்கியத்துக்குத் தெரியவில்லை. தெரியாது என்று எனக்கும் தெரியும். விசில் கொடுத்தார். மறுபடியும் கொடுத்தார். மெயின் லைன் எங்களுக்குக் கொஞ்ச நேரம்தான் காலியாகக் கிடைக்கும். அதற்குப் பின்னால் பாசஞ்சர் வருகிறது. யார்டு ஃபோர்மேன் ஆபீசிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னா மேன், தொட்டில்ல குழந்த மாதிரி குந்திகினு ஆட்டற? எறங்கிக் காட்டு."

"சார், எறங்கிக் காட்டினா என்னால ஓடி ஏற முடியாது. ஏறின அப்புறம் காட்டுன்னுதான் ரூல் புக்குலயே..."

"ரூல் புக்கு ரயில் ஓட்டாது. எறங்கு."

இறங்கினேன். வழக்கமான இடத்தில் போய் நின்றேன். கிடங்கு ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வளைவின் அந்தக் கோடியில் ஆரோக்கியம் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். இப்போது நான் அவருக்கு நன்றாகத் தெரிந்தேன். கையைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. தூக்கிவிட்டால் எல்லாரும் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், வண்டியைப் பார்ப்பார்கள். ஏறிவிடவும் கூடும். அன்றைக்கு மழை இல்லை, படி காய்ந்திருந்தது. அப்படி ஏறிவிட்டால் மறுநாளும் ஏற வேண்டும், மழையிலும் ஏற வேண்டும். என்றைக்காவது ஏற முடியாத நாளில், எல்லாம் சரி என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டுத் தரையில் கிடப்பேன்.

தம்பிகளே, ஆபத்து வரும்போது அது ஆபத்து மாதிரி வராது. நாலு பேர் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி வரும்.

நான் கொடியைச் சுருட்டினேன். எஞ்சினை நோக்கி நடந்தேன்.

அந்த வண்டியின் முழு நீளத்தையும் நொண்டி நொண்டி நடந்து கடந்தேன். ஃபோர்மேன் கூடவே கத்திக்கொண்டு வந்தார், பிறகு நின்றுவிட்டார். யாரோ கிடங்கிலிருந்து விசிலடித்தார்கள். "மெதுவா நைனா, ரயிலு ஓடிடாது" என்று ஒரு குரல் கேட்டது. கணுக்கால் சரளைக் கல்லில் திரும்பித் திரும்பி வலித்தது. எஞ்சின் அருகே போனபோது எனக்குப் பேச மூச்சு இல்லை. ஆரோக்கியம் மேலேயிருந்து குனிந்தார்.

"இன்னா கார்டு சார், எதனா கழண்டுகிச்சா?"

"எதுவும் கழலல. என்னால ஓடி ஏற முடியாது. நான் போய் ஏறணும். ஏறின அப்புறம்தான் கொடி காட்டுவேன். இந்தப் பக்கம் காட்டினா உனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் காட்டுறேன். வளைவுக்கு உள்பக்கம், சாக்கடைதான், மறைக்க ஒண்ணும் இல்ல. ஃபயர்மேனைப் பாக்கச் சொல்லு."

"அவன் கரி போட்ற நேரம் அது." அவர் யோசித்தார். "அதுவும் இல்லாம, என் கண்ணால பாக்காத கொடிக்கு நான் வண்டி எடுக்க மாட்டேன். எப்பவும் எடுத்ததில்ல."

"அப்ப நீதான் அந்தப் பக்கம் வந்து பாக்கணும்."

"தெனமும்?"

"தெனமும்."

அவர் என் காலைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கார்டு இல்லாத வண்டியைத் திருவொற்றியூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவர் அவர்தானே. "இம்மாந்தூரம் இத்தச் சொல்லவா நடந்து வந்த? போ. போய் ஏறு. நிக்கிறேன்" என்றார்.

மறுபடி அவ்வளவு தூரமும் நடந்து வந்து ஏறினேன். சாக்கடைப் பக்கம் கொடியைக் காட்டினேன். ஆரோக்கியத்தின் தலை அந்தப் பக்கம் தெரிந்தது. விசில் வந்தது. வண்டி நகர்ந்தபோது நான் அதற்குள் இருந்தேன். அந்த நேரத்தில் ஜெயித்த மாதிரி எதுவும் தோன்றவில்லை. முகம் எரிந்தது.

மெயின் லைனைத் தவறவிட்டோம். பாசஞ்சர் போகும்வரை நின்றோம். எனக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்தது, எழுதிக் கொடுத்தேன். இன்னொரு முறை டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆள் பற்றாக்குறை நீங்காததால்தான் என்னை விட்டு வைத்தார்கள், என் நியாயத்தை ஒப்புக்கொண்டதால் அல்ல. யார்டில் எனக்குக் 'குந்து கார்டு' என்று பெயர் வந்தது. இன்றைக்கும் அதுதான் பெயர், நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆரோக்கியம் லீவு போட்ட நாட்களில் வேறு டிரைவர் வருவார். அவரிடமும் எஞ்சின் வரைக்கும் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் வைதார்கள். ஆனால் நான் கேட்ட பிறகு, ஏறுவதற்கு முன் வண்டியை எடுத்தவர் ஒருவரும் இல்லை. கேட்பதுதான் கஷ்டம். கால் எலும்பு கூடியதைவிட அது கைகூடுவதற்கு எனக்கு அதிக நாள் பிடித்தது.

சுந்தரம் மட்டும் என்னை நேரே கேலி செய்தான். அவனுக்கு அந்த உரிமை இருந்தது.

"இன்னா தோஸ்து, வண்டிய நிக்க வெச்சி, ஒரு ஆள அந்தாண்ட பாக்க வெச்சி, மாப்புள்ள ஊர்வலமா?"

"ஆமா. நீயும் வா. தோழனா குந்திக்க."

"எனக்குக் கால் கீதுபா" என்று சிரித்துக்கொண்டு, ஓடி, தாவிப் போய்விட்டான்.

நான் அவனிடம் மறுபடி மறுபடி சொன்னேன். கடைசியில், "பேஜாரு பண்ணாத" என்றான். அடுத்த மழைக்காலத்தில் அதே மாதிரி படி, அதே வளைவு. எனக்கு நெம்புகோல் கிடைத்தது. அவனுக்குச் சக்கரம்.

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் போனேன். அப்போதும் சுவரைத்தான் பார்த்தான். மாதங்கள் போயின. அப்புறம் ஒரு சாயங்காலம் விளக்கு வாங்க ஜன்னலில் கை நீட்டினேன். உள்ளே பெஞ்சில், கன்னியப்பனுக்குப் பக்கத்தில், என் இடத்தில் சுந்தரம் இருந்தான். கன்னியப்பன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காகக் காத்து வைத்திருந்த இடத்தை அவன்தான் நகர்ந்து கொடுத்திருப்பான்.

சுந்தரம் கட்டையை ஊன்றி எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான். அத்தனை நாளுக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான்.

"மாப்புள்ள ஊர்வலம் கெளம்பிடுச்சா?"

"நீ விளக்கு குடுத்தாத்தான் கெளம்பும்."

கண்ணாடியில் ஒரு கரித் தடம் இருந்தது. சட்டை நுனியால் அதை நிதானமாகத் துடைத்தான். துடைத்த பிறகும் விளக்கை உடனே விடவில்லை.

"டிரைவரு நிக்கிறானா? நீ ஏறுற வரைக்கும்?"

"நிக்கிறான்."

"கேட்டா நின்னுடுவானா?"

"கேட்டா நின்னுடுவான்."

சுந்தரம் விளக்கைக் கொடுத்துவிட்டு பெஞ்சுக்குத் திரும்பினான்.

நான் யார்டைக் கடந்து நடந்தேன். ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வளைவின் அந்தக் கோடியில் ஆரோக்கியம் சாக்கடைப் பக்கம் தலையை நீட்டியிருந்தார். சரளையில் கால் வலித்தது. அது இனிமேல் போகாது. ஓடவில்லை. வண்டி எனக்காக நின்றுகொண்டிருந்தது.